மேல் சாவியும் கீழ்ச் சாவியும்

4-8-97, திங்கள்

கடை வசூலைப் பத்திரமாகப் போட்டுவைக்கும் மெஷினுக்கான விதிகளை இன்று எழுதி முடித்தேன். மேல் கதவுக்குள் நோட்டை இழுக்கும் உருளைகள். அந்தச் சாவி மெக்கானிக்கிடம், அதாவது என்னிடம். கீழ்க் கதவுக்குள் பணப்பெட்டி. அந்தச் சாவி கடைக் கேஷியரிடம். மேலே திறப்பவன் கைக்குப் பணம் எட்டாது. கீழே திறப்பவர் கைக்கு உருளை எட்டாது. நான்காவது விதிதான் என் பெருமை: சாவி வைத்திருக்கும் இருவரும் உறவினராகவோ நண்பர்களாகவோ இருக்கக் கூடாது. எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

முதல் மெஷின் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜரத்தினம் முதலாளிக்கு. பிடித்தால் கிளைகளுக்கு இன்னும் ஐந்து வாங்குவார். பிடிக்காவிட்டால் எங்கள் மந்தைவெளிப் பட்டறைச் சொந்தக்காரர் கோதண்டபாணி சார் என்னைப் பழையபடி பீரோவுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பிவிடுவார். சொல்லியும் விட்டார்.

11-8-97

கடையில் கீழ்ச் சாவிக்காரியைப் பார்த்தேன். பெயர் அன்புச்செல்வி, சைதாப்பேட்டை. பல வருஷமாக அந்தக் கடைப் பணத்தை எண்ணுகிறவள். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை.

"என்னை நம்பாமதானே சார் ரெண்டு பூட்டு?"

"இது யாரையும் நம்பாது. என்னையும்தான்."

"அப்போ மெஷினுக்குப் புத்தி கீது."

சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு பணம் எண்ணப் போய்விட்டாள். நல்லதுதான். நான்காவது விதிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பாள்?

22-8-97, வெள்ளி

தொலைந்தேன்.

ராகுகாலத்துக்கு முன்பே திறப்பு விழா. முதல் பணமாகப் போட, நூறு ரூபாய் நோட்டை மடித்து நடுவே ஒரு ரூபாய் நாணயம் வைத்து முதலாளி கொண்டுவந்தார். நோட்டு மட்டும்தான் போடலாம் என்று கெஞ்சினேன்.

"மொட்டையா நூறு போட்டா விளங்குமா தம்பி?" என்று தள்ளிவிட்டார்.

கடக் என்றது. நின்றது.

நாணயம் விழுந்த இடம் மேல் அறையும் இல்லை, கீழ் அறையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்ந்த தகடு — யாரும் கையை விடக் கூடாதென்று நானே வைத்தது. மேலிருந்து பார்த்தால் தெரிகிறது, கை போகாது. கீழிருந்து கோல் போகும், கண்ணுக்குத் தெரியாது. நான் ஸ்டூலில் ஏறித் தலையை உள்ளே விட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து துணி அளக்கும் இரும்புக் கோலை விட்டாள்.

"இடது பக்கம்."

"யாருக்கு இடது?"

"எனக்கு."

"நீங்க எந்தப் பக்கம் பார்த்துக்கினு கீறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

கடையே வேடிக்கை பார்த்தது. புடவை எடுக்க வந்த மாமி ஒருவர் யோசனை வேறு சொன்னார். கடைசியில் நாணயம் வந்தது. உள்ளிருந்து அவள் சிரிப்பும் கேட்டது. நான் வடிவமைத்த பெட்டியில் எதிரொலி பிரமாதம்.

29-8-97, வெள்ளி

மறுபடி நாணயம். வெள்ளிக்கிழமை முதல் கட்டோடு ஒரு ரூபாய் வைப்பது கடை வழக்கமாகிவிட்டது.

5-9-97, வெள்ளி

மறுபடி. புதுச் சட்டை போட்டுப் போனேன். கிரீஸ்.

10-9-97

நோட்டு நுழையும் வாயில் சின்னதாக ஒரு தடுப்பு வைத்தால் நாணயம் போகாது. அரைமணி வேலை. ஏன் வைக்கவில்லை என்று கோதண்டபாணி சார் கேட்டார். "ஆராய்ச்சி நடக்குது சார்" என்றேன்.

என்ன ஆராய்ச்சிடா, குரு? என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

19-9-97, வெள்ளி

இந்த வாரம் நாணயம் போட்டது யார் என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நான்தான். யாரும் போடாட்டி நீங்க வர மாட்டீங்களே."

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இரண்டு சாவிக்காரர்களும் கூட்டுச் சேர்ந்துவிடக் கூடாது என்றுதானே அந்த விதி?

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும். கிளம்பும்போது முதலாளி சொல்லிவிட்டார்: "அடுத்த வெள்ளியும் நின்னா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க."

25-9-97

தடுப்பு வைத்தேன். அவள்தான் டார்ச் பிடித்தாள். கடைசித் திருகையும் முடுக்கினேன்.

26-9-97, வெள்ளி

நிற்கவில்லை. ஐந்து மெஷினுக்கு ஆர்டர். பட்டறையில் எல்லாருக்கும் ஜாங்கிரி. என் பங்கைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். இனி எந்தச் சாக்கில் அந்தக் கடைக்குப் போவது?

6-10-97

சாக்கு இல்லாமலே போனேன். பை இல்லை, ஸ்பேனர் இல்லை.

"இன்னா ரிப்பேரு?"

"ரிப்பேர் இல்லை. உன்னைப் பார்க்கத்தான்."

"இதைச் சொல்ல இத்தினி நாளா?"

20-10-97

இரண்டு நாள் முன்பு அம்மாவிடம் சொன்னேன். அப்போதிருந்து எங்கள் வீடென்ன, மயிலாப்பூரே அமைதியாகிவிட்டது. இன்று ரசம் ஊற்றும்போது கேட்டாள்: "அவ கணக்குல கெட்டியா?"

"ரொம்பம்மா."

"இந்தாத்துல ஒருத்தருக்காவது கணக்கு வரட்டும்."

மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

24-11-97

மேல் சாவியைக் கோதண்டபாணி சார் மேஜையில் வைத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், நான்காவது விதி என்றேன். சாவியை எடுத்து டிராயரில் போட்டார்.

"ஆராய்ச்சி முடிஞ்சுதா?" என்றார்.

2-2-98

மொய்க் கவர்களை இன்றுதான் பிரித்தோம். ராஜரத்தினம் முதலாளியின் கவரில் நூறு ரூபாயும் பழைய ஒரு ரூபாய் நோட்டு ஒன்றும். நாணயம் வைத்தால் எங்கேயாவது மாட்டிக்கொள்ளுமே என்று ஆள் விட்டுத் தேடி வாங்கினாராம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்புச்செல்வி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காசே வெச்சிருக்கலாம்" என்றாள்.