பழ வண்டியில் ஏறியவன்

என் பிரியமான ஈஸ்வரன் அண்ணனுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருசத் திதி. மதினி சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். பந்தல் வேண்டாமாம், வீட்டோடு போதுமாம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது அண்ணே. நீ இருந்தவரை உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போதாவது சொல்கிறேன்.

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம் நினைவிருக்கிறதா? கம்பத்திலிருந்து லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊருக்குப் போனோம். நீ ஓட்டினாய், நான் மாற்று டிரைவர். விடியற்காலையில் தார் இறக்கும்போது சந்தை முழுக்க ஒரே பேச்சு. எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கிட்டத்தில் பதுங்கிக் கிடக்கிறது, அதிலிருந்து ஆட்கள் கரையேறி ஊருக்குள் வந்துபோகிறார்கள் என்று.

மீன் விற்கிற அம்மா ஒருத்தி உன்னிடம் விலாவாரியாகச் சொன்னாள். "முன்னாடி சண்டையிலயும் வந்தாய்ங்களாம்ப்பா. கைலி கட்டிக்கிட்டு, நம்மள மாதிரியே. சலூன்ல உக்காந்து சவரம் பண்ணிட்டுப் போனாய்ங்களாம். மாசக்கணக்கா வெயிலப் பாக்காதவய்ங்க, வெளிச்சத்துல கண்ணத் தொறக்க மாட்டாய்ங்க. மேலெல்லாம் டீசல் வாடை அடிக்கும். பழத்துக்குத்தான் அலைவாய்ங்களாம். கப்பலுக்குள்ள பழம் ஏது?"

"அப்ப நம்ம வண்டிக்குத்தான் மொதல்ல வருவாய்ங்க" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது தேனிப் பக்கம் கெங்குவார்பட்டி தாண்டி டீக்கடையில் நிறுத்தினாய். பகல் பதினொரு மணி இருக்கும். தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதென்று நான் பின்னால் ஏறினேன். பாயைத் தூக்கினால், வாழைச் சருகுக்குள் ஓர் ஆள் குந்தியிருந்தான். கையில் நாம் கழித்துப் போட்ட பழம். வெளிச்சம் பட்டதும் முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். கைலி நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது. குப்பென்று டீசல் வாடை.

அந்த அம்மா சொன்ன அத்தனையும் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. உன்னைக் கூப்பிட்டேன்.

"யாருப்பா நீ? எங்கன ஏறுன?" என்றாய். அவன் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னான். நமக்குப் புரியாத பாஷை. உன் முகமும் வெளிறியதைப் பார்த்தேன். ஆனாலும் நீ அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டாய். "பசிச்ச மூஞ்சியா இருக்குலே சுருளி. மொதல்ல ஒரு டீ சொல்லு. பெறகு போலீசுல விடுவோம்."

டீ சொல்லத்தான் போனேன். போகிற வழியில் திரும்பி நின்று அவனைப் படமெடுத்தேன். கப்பலில் வந்தவன் எங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டான் என்று எழுதி, கடை இருக்கிற இடத்தையும் சேர்த்து, நீ சேராத அந்த டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அண்ணே, அதைப் போட்டது நான்தான். நாலு பேர் கூட நின்றால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். அது மட்டும்தானா? நான்தான் பிடித்தேன் என்று பெயர் வாங்கவும் ஆசைப்பட்டேனா?

டீ ஆறும் முன்னே பைக்குகள் வந்துவிட்டன. மண்வெட்டிக் காம்பு, கல், கையில் கிடைத்ததெல்லாம். "அவன எறக்கிவிடுங்க" என்று கத்தினார்கள். நீ அவனைக் கேபினுக்குள் தள்ளினாய். நானும் ஏறிக்கொண்டேன். "போலீசு விசாரிக்கட்டும்யா, தப்பான ஆளுன்னா அவுக பாத்துக்கிருவாக" என்று கெஞ்சினாய். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. முன் கண்ணாடி உடைந்து உன் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அவன் என் காலடியில் சுருண்டு, என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். ஹார்னிலிருந்து கையை எடுக்காமல், அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஸ்டேஷன் வாசலில்தான் நீ வண்டியை நிறுத்தினாய்.

அவன் பேசியது ஒடிசாக்காரர்களின் ஒடியா என்று போலீசார் கண்டுபிடித்து, அது தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்துப் பேசிய பிறகுதான் எல்லாம் தெரிந்தது. பெயர் பிபின். விசைப்படகு வேலைக்கு வந்தவன். படகின் இன்ஜின் அறைக்குள்ளேயே அடைத்துவைத்து அடித்திருக்கிறார்கள். கரை தெரிந்ததும் குதித்து நீந்தி, கண்ணில் பட்ட முதல் வண்டியில் ஏறிவிட்டான். சட்டையைக் கழற்றிக் காட்டினான். முதுகெல்லாம் கயிற்றுத் தழும்பு. போலீசார் அவனை ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள்.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பும்போது கேட்டாய். "யாருலே அவய்ங்களுக்குச் சொல்லியிருப்பா?"

"டீக்கடைக்காரராத்தான் இருக்கும்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு நீ அந்தக் கடையில் நிறுத்தவே இல்லை. அவர் கை காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் பக்கத்துச் சீட்டில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். மாரடைப்பு முந்திக்கொண்டது.

அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது அண்ணே. போன வாரம் என் போனுக்கே திரும்பி வந்தது. கப்பல்காரன் தேனிப் பக்கம் ஒளிந்திருக்கிறானாம். ஏற்றிவந்த டிரைவருக்கு ஏதோ ஊசி போட்டுவிட்டானாம், அதில்தான் அவர் செத்தாராம். உன் சாவையும் கதையாக்கிவிட்டார்கள். வடுகபட்டியில் லோடு ஏற்றும்போது ஒருத்தர் என்னிடமே அதைச் சொன்னார். "கையில கெடைக்கட்டும், உசுரோட விடமாட்டோம்" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நான் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டப் போய்விட்டேன்.

பிபின் உன் திதிக்கு வருகிறான். மதினிதான் அந்த ஒடியா தெரிந்தவர் மூலமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மதுரையில் ரயிலிறங்கி, பஸ் ஏறி வருவானாம். அவன் முகம் எத்தனை போனில் இருக்கிறது? பஸ்ஸில் ஒருத்தன் அடையாளம் கண்டால் போதாதா? வர வேண்டாம் என்று சொல்லத்தான் போன் போட்டேன். "அண்ணா, நான் வர்றேன்" என்று தமிழில் சொன்னான். எத்தனை நாள் பழகினானோ. ரயில் நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன்.

நேற்று மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவுக இது தெரியாமலே போயிட்டாக" என்றார்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. டீக்கடைக்காரரிடம் இன்னும் போகவில்லை. அவரிடம் எந்த முகத்தோடு பேச?

இதை முடித்ததும் குரூப்பில் அந்தப் படத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டு நடந்ததை எழுதப்போகிறேன். வெள்ளிக்கிழமை நானே மதுரைக்குப் போகிறேன். பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, வழியை மறித்து நான் உட்காருவேன். யாராவது எழுந்து வந்தால் முதலில் என்னிடம்தான் பேசியாக வேண்டும். என்ன ஆனாலும் உன் வீட்டு இலைக்கு அவனைக் கொண்டுவந்து சேர்ப்பேன் அண்ணே.

உன்னிடம் பொய் சொன்ன தம்பி,
சுருளி