என்னிடம் இல்லாத போன்

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா பெர்சிஸ் வாலிபப் பிள்ளைகளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் தென்காசியில் சபையின் கன்வென்ஷன். அதுவரை ஞாயிறுதோறும் ஒருவர் எழுந்து, தான் ஜெயித்த பாவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். நன்றாகச் சொல்கிறவருக்குக் கன்வென்ஷன் மேடை.

முதல் பேர் கெத்சியாள். நான்தான்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றும் இப்படித்தான், ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். மறுநாள் எனக்கு வயிற்றுவலி. அந்த வயிற்றுவலி படிப்பையே முடித்து வைத்தது; பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. இப்போது அதே கேள்வி, மைக்கோடு வருகிறது.

ஜூன் 10, செவ்வாய்

பாவம் தேடுகிறேன். என்னிடம் பாவமே இல்லை என்று சொல்ல மாட்டேன், அது பெருமை. ஆனால் எழுந்து நின்று சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நான் வேலை பார்க்கிற சிப்ஸ் கடையில் மூச்சு விட நேரமில்லை. பாக்கெட் ஒட்டிக்கொண்டே, கூட வேலை பார்க்கிற நூர்நிஷாவிடம் கேட்டேன்: என்னிடம் நீ பார்த்த பாவம் என்ன?

"ஒன்கிட்டயா? நேந்திரஞ்சிப்ஸ் இருக்கான்னு கேட்டா, வாயத் தொறக்காம தலைய ஆட்டுத. வந்தவன் இருக்குன்னு நெனைக்கதா, இல்லன்னு நெனைக்கதா? வேற ஒண்ணும் தெரியல. வேணும்னா என்கிட்ட ரெண்டு இருக்கு, தாரேன்."

ஜூன் 13, வெள்ளி

உபவாச ஜெபம் முடிந்து பாஸ்டரம்மா ஒத்திகை பார்த்தார்கள். யோசித்து யோசித்துக் கண்டுபிடித்திருந்த பாவத்தைச் சொன்னேன். போன வாரம் உபவாசத்தன்று கடையில் உடைந்த சிப்ஸ் ஒன்றை வாயில் போட்டுவிட்டேன்.

"ஒரு சிப்ஸா?"

"ஆமா."

"அப்போ எங்கட்டி ஜெயிச்ச?"

"ரெண்டாவதத் திங்கல."

பாஸ்டரம்மா பைபிளை மூடி வைத்தார்கள். பிறகு பொறுமையாகச் சொன்னார்கள். "இங்க பாரு கெத்சி. சின்னப் பாவத்தச் சொன்னா ஆண்டவருக்கும் சின்ன மகிமைதான். சிப்ஸக் கேட்டு எவன் மனந்திரும்புவான்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன சோதனை? போன். எந்நேரமும் போனப் பாத்துக் கெட்டேன், ஆண்டவர் விடுவிச்சாருன்னு சொல்லு."

என்னிடம் போன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டார்கள். ஆமென் என்று சொன்ன பிறகு எப்படி மறுப்பது?

ஜூன் 15, ஞாயிறு

சொன்னேன்.

எழுதி வைத்த தாளைப் பார்த்துத் தொடங்கினேன். 'போன் என்னை அடிமையாக்கியது' என்றதும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. தாளை மடித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சொல்லலாம் போலிருந்தது. சாப்பிடும்போது போன், தூங்கும்போது தலையணைக்கு அடியில் போன் என்றேன். ஒரு நாள் அழுதுகொண்டே அதை அணைத்தேன் என்றபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இல்லாத போனுக்காக.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு ஏது போனு? என் பட்டன் போனையா பாத்துக் கெட்டுப்போன?"

"பாஸ்டரம்மாதான் சொல்லச் சொன்னாவ."

அம்மா யோசித்தாள். இன்றுதான் முதல்முறையாக அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சரி, ஆண்டவர் காரியம்," என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடியும் என்னையே கூப்பிட்டார்கள். இந்த வாரம் போன் வளர்ந்துவிட்டது. ஐந்தருவி ரோட்டில் போனைப் பார்த்தபடி நடந்தேனாம். வேன் வந்ததாம். ஆண்டவர் என் துப்பட்டாவைப் பிடித்துப் பின்னால் இழுத்தாராம். பாஸ்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

எனக்குப் பிறகு வேல்ராஜ் மாமா எழுந்தார். குடியை விட்டவர். "இன்னும் ஆசை வருது. அந்தக் கடை இருக்க தெருவுல நான் போறதில்ல. அவ்வளவுதான்," என்று உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேன் மாதிரி ஏதாவது ஒன்று சேர்த்திருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

பாக்கெட் ஒட்டும்போதும் காதுக்குள் 'சகோதரி கெத்சியாள்' என்று மைக்கில் கூப்பிடுகிறார்கள். நல்ல குரல்.

ஜூலை 4, வெள்ளி

கன்வென்ஷன் நோட்டீஸ் வந்துவிட்டது. 'செல்போன் பிடியிலிருந்து மீட்கப்பட்ட சகோதரியின் சாட்சி.' என் படத்தையும் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை பார்த்தேன். பொய் — பல தடவை.

உபவாச ஜெபத்துக்குக் கடையத்திலிருந்து நிர்மலாதேவி அத்தை வந்திருந்தார்கள். சபைக்குப் புதிது. வீட்டுக்காரர் ராணுவத்தில். மகள் அனுசியாவைக் கையோடு இழுத்து வந்திருந்தார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை.

"எந்நேரமும் போன்தான் கெத்சி. கேட்டா மொறைக்கா, சோறும் திங்கமாட்டுக்கா. ஒன் சாட்சியக் கேட்டுத்தான் கூட்டியாந்தேன். நீ எப்படி விட்டன்னு இவகிட்டச் சொல்லு."

எங்களைத் தனியாக விட்டுவிட்டுப் போனார்கள். அனுசியா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "நெசமாவே விட்டுட்டீங்களா அக்கா? எப்படி?"

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை.

"ஜெபம் பண்ணு," என்றேன். அது போதாது போல அவள் பார்த்தாள். "போன அணைச்சு அரிசி டின்னுக்குள்ள போட்டுரு. யாருக்கும் பதில் போடாத. எடுக்கவே எடுக்காத." எங்கிருந்து வந்ததோ. சொல்லும்போது கணீரென்றுதான் இருந்தது.

அவள் தலையாட்டினாள்.

ஜூலை 16, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மத்தியானம் அனுசியா கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி பஸ் ஏறி வந்திருக்கிறாள். சிப்ஸ் வாங்குகிற மாதிரி நின்று மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாரியே அரிசிக்குள்ள போட்டேன் அக்கா. பதிலே போடல. அவனுக்குக் கோவம் வந்துட்டு."

எவன்?

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ட்யூஷனில் பழகியவன். இவள் ஆசையாகப் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறான். கூப்பிட்டபோதெல்லாம் பேசாவிட்டால் அவள் அப்பாவுக்கு அனுப்பிவிடுவானாம். அதனால்தான் எந்நேரமும் போனும் கையுமாக இருந்திருக்கிறாள். அது ஆசை இல்லை, பயம். நான் அணைக்கச் சொன்னேன். அவன் ஒன்றை அவள் மாமாவுக்கு அனுப்பிவிட்டான். மாமா இன்னும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பேசாவிட்டால் மீதி அப்பாவுக்குப் போகுமாம்.

"ஒங்களுக்கும் இப்படித்தான ஆச்சு? நீங்க எப்படி அக்கா தப்பிச்சீங்க?"

இன்னொரு வேன், இன்னொரு துப்பட்டா — எதுவும் வாயில் வரவில்லை.

"அனு, என்கிட்ட போனே கெடையாது. எப்பவும் இருந்ததில்ல."

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ அரிசி டின்னு?"

"அதுவும் நானாச் சொன்னதுதான்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் அமுக்கி அமுக்கி நொறுக்கினாள். நூர்நிஷா பின்னாலிருந்து எல்லாம் கேட்டுவிட்டாள். "ரெண்டு பேரும் இங்கன நின்னு அழுதா ஆவாது. மொதல்ல அவ அம்மாகிட்டச் சொல்லுங்க. கடை அண்ணாச்சிகிட்ட நான் சமாளிக்கேன், நீ போ ஏட்டி," என்று என்னைக் கடையை விட்டு வெளியே தள்ளினாள்.

கடையத்தில், நிர்மலாதேவி அத்தை கேட்டதும் மகளை ஒரு அடி அடித்தார்கள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அடியே தேவலை.

ஜூலை 17, வியாழன்

பாஸ்டரம்மாவிடம் போய் எல்லாம் பொய் என்று சொன்னேன். இவ்வளவு சத்தமாக நான் அந்த வீட்டில் பேசியதில்லை.

பாஸ்டரம்மா திகைத்துப்போனார்கள். கொஞ்ச நேரம்தான். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"கெத்சி, இது அதவிடப் பெரிய சாட்சி. பொய்ங்கிற பாவத்துலருந்து விடுதலை! நாளைக்கு மேடையில இதையே சொல்லு. மொதல்ல போனச் சொல்லு, அப்புறம் நிறுத்து, அழு, அப்புறம் பொய்ன்னு சொல்லு. கூட்டமே உடைஞ்சுரும்."

அனுசியாவைப் பற்றிக் கேட்டேன். போலீஸ் எதற்கு, கன்வென்ஷன் முடியட்டும், அதுவரை ஜெபத்தில் வைப்போம் என்றார்கள்.

நிறுத்து, அழு, அப்புறம் சொல்லு. எனக்கு அது நன்றாக வரும். அதுதான் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போதே எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று மனசு பார்க்கிறது. ஆண்டவரே, இது போகவே போகாதா?

ஜூலை 18, வெள்ளி

சாயங்காலம் மேடைக்குப் போகவில்லை. நிர்மலாதேவி அத்தை தனியாகப் போகப் பயந்ததால் மூன்று பேருமாகத் தென்காசி மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். தெரு முனையில் கன்வென்ஷன் குழாய் ரேடியோ என் பேரைக் கூப்பிட்டது. ஒரு நிமிஷம் கால் நின்றது. நின்றது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

போலீஸ் அக்கா என்னைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார்கள்.

"சபையில கூட வார பிள்ளை. இவ போன அணைச்சது நான் தப்பாச் சொன்னதாலதான். அது இவ மேல தப்பில்ல."

"என்னது? சத்தமாச் சொல்லு."

மறுபடியும் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஸ்தோத்திரமும் இல்லை, கைதட்டும் இல்லை. சொல்லி முடித்ததும் இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றவில்லை.

ஜூலை 19, சனி

அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். அவன் போன் இப்போது ஸ்டேஷனில். அனுசியாவின் அப்பாவுக்கு அத்தையே போன் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "புள்ள சாப்பிட்டாளா?" என்று கேட்டாராம்.

அம்மா என்னோடு பேசவில்லை. முன்வரிசை போய்விட்டது.

ஜூலை 20, ஞாயிறு

கன்வென்ஷன் கடைசி நாள். கடைசி வரிசையில் அனுசியாவோடும் வேல்ராஜ் மாமாவோடும் உட்கார்ந்தேன்.

மேடையில் சபைச் செயலாளர் மகள் ஷைனி சாட்சி சொன்னாள். சாப்பிடும்போது போன், தலையணைக்கு அடியில் போன். வேனுக்குப் பதில் லாரி. அனுசியா என் காதில், "அக்கா, இது ஒங்க போன்லா?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு கூட்டம் கை தட்டியது. பெரிய கைதட்டு, தெரு வரைக்கும் கேட்டிருக்கும். நான் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன். அவள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

அது பொறாமை. அசல்.

தலையைக் குனிந்து ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். ஒரு வரிதான் இருந்தது.