எடை ஏறிய செள்ளைக்குக் கோட்டைச் சாவி

வெண்குன்ற நாட்டைக் குடைநிழலில் காக்கும் கோமகள் இளவெயினியாரின் திருவாய்மொழிப்படி, முதலமைச்சன் நெடுவேட்டன் விடுக்கும் ஓலை. கடல்முகம் காக்கும் கருந்துறைக் கோட்டைக் காவலர், எண்பது மரக்கலங்களுக்கு உரியவர், ஆதன் எழினியார் கண்டு மகிழ்க. தங்கள் துறையில் வலைகள் நிறைக. தங்கள் மதில்மேல் நிற்போர் நோயின்றி வாழ்க.

முதுமை கருதித் தாங்கள் விட்டு விலகும் கோட்டையின் சாவியைப் படைத்தலைவி செள்ளைக்கு அளிப்பதாக முன்னர் எழுதியிருந்தோம். இளைத்த உடம்பு மறுபடியும் பருக்கிறதாமே, அவளை நம்பி மதிலை ஒப்படைப்பது எங்ஙனம் என்று தாங்கள் வினவியிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடியே கூறுகிறோம்.

போரில் குதிரையிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்த செள்ளை, ஓராண்டு படுக்கையில் கிடந்தாள். எழுந்து நின்றபோது அவளுடைய கவசம் அவளுக்கே பொருந்தவில்லை. படைத்தலைவர்கள் முழுநிலவுதோறும் தராசில் ஏற வேண்டும் என்பது இவ்வமைச்சன் இட்ட கட்டளை. அன்று அவளுக்கு நிகராக நாற்பது கற்கள் வைக்க வேண்டியிருந்தது. அவையோர் சிரிப்பை அடக்கிக்கொண்டதைக் கண்டபடியே அவள் இறங்கிப் போனாள்.

அன்று முதல் உணவைக் குறைத்தாள். எட்டுத் திங்களில் நாற்பது கல் முப்பதாயிற்று. ஊரே வியந்தது. ஆனால் உடம்போடு வலுவும் இளைத்துவிட்டதை அவள் ஒருத்தியே அறிவாள். கோட்டைச் சாவி பெறுவோர், இரும்புப் பூண் கட்டிய கொடிமரத்தைத் தோளில் தாங்கி, குன்றின் எழுநூறு படிகளையும் இறக்கி வைக்காமல் ஏற வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. அம்மரத்தை அவளால் தரையிலிருந்து தூக்கவே இயலவில்லை.

ஆகவே பயிற்சியைத் தொடங்கினாள். விடியலில் படியேற்றம், வெயில் தாழ்ந்தபின் கல் தூக்கல். ஒரு திங்கள் கழித்துத் தராசில் ஏறினாள், முப்பத்தொரு கல். மறு திங்களும் அதுவே. அடுத்த முறையும் கல் குறையாவிடின் சாவி வேறொருவருக்குப் போகும் என்று இவ்வமைச்சன் அவையில் அறிவித்தான். அவ்வளவு பாடுபட்டும் பழைய உடம்பே திரும்பிவிடுமோ என்று அஞ்சி, உண்பதை அறவே விட்டாள்; நான்காம் நாள் முந்நூறாம் படியில் மயங்கி விழுந்தாள்.

மருத்துவர் கொற்றனார் நாடியைப் பார்க்குமுன் அவளது இடைக்கச்சையைப் பார்த்தார்.

"போன திங்கள் எந்தத் துளையில் மாட்டினாய் தாயே?"

"மூன்றாம் துளையில்."

"இன்று இரண்டு துளை உள்ளே தள்ளி ஐந்தாம் துளையில் மாட்டியிருக்கிறாய். இடை பருத்தவள் கச்சையை இப்படி இறுக்கிக் கட்ட முடியுமா? புதிதாக வேலை செய்யும் தசை நோவு தீர நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளாக ஆக அது வடியும், தசையும் திரளும். தராசுக்கு நீரும் தெரியாது, தசையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. எல்லாம் அதற்குக் கல்தான். பேசாமல் எழுந்து சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள் என்று கொற்றனார் பின்னர் எம்மிடம் கூறினார்.

மூன்றாம் முழுநிலவில் அவை கூடிற்று. தராசு மீண்டும் முப்பத்தொரு கல் காட்டியது. சாவியை வேறொருவருக்கு அளிக்கும் ஆணையை இவ்வமைச்சன் படிக்க வாயெடுத்தபோது, செள்ளை தட்டில் நின்றபடியே கைகூப்பினாள்.

"ஐயா, கல் ஏறினது மெய்தான். நானும் ஏறிக் காட்டறேன், பார்த்துட்டு அப்புறம் படியுங்க."

கோமகள் தலையசைத்தார்; அவை முழுதும் குன்றின் அடிவாரத்துக்கு வந்தது. செள்ளை கொடிமரத்தை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினாள். இருநூறு படிவரை கூட்டம் ஆரவாரித்தது. ஐந்நூறுக்கு மேல் எல்லோரும் அவளோடு படிகளை எண்ணத் தொடங்கினர். முறிந்து கூடிய கால் அறுநூறாம் படியில் நடுங்கியது. அவள் நின்றாள், மரத்தை இறக்கவில்லை. மூச்சு வாங்கி மறுபடியும் ஏறினாள். உச்சியில் கொடி பறந்தபோது, கையிலிருந்த ஆணையோலையை இவ்வமைச்சன் தன் கையாலேயே கிழித்தான். தவறாக எழுதியதைக் கிழித்ததில் எமக்கு நாணமில்லை. இப்படியொருத்தி நம் நாட்டில் பிறந்தாள் என்ற பெருமிதமே உண்டு.

ஆதலின் காவலர் அறிக: கருந்துறைக் கோட்டையின் சாவியும் எண்பது கலங்களும் இனிச் செள்ளையின் பொறுப்பு. கோமகளின் யானை இலச்சினை இட்டு இதனை உறுதி செய்தோம்.

பல்லக்கு வேண்டாவென்று மறுத்து, இன்று காலையே அவள் கால்நடையாகப் புறப்பட்டுவிட்டாள். இவ்வோலை குதிரையில் வருகிறது. எனினும் மலைவழியில் அவள் முந்திவிடக் கூடும். ஓலை வந்து சேரவில்லை என்று சொல்லி அவளை வாயிலில் நிறுத்தி வைத்திருந்தால், இதைக் கண்டவுடன் உள்ளே விடுங்கள். இது ஆணை.