இடது பட்டனில் பச்சைப் பொட்டு

அக்கா,

இன்று காலை ரயிலில் லேப்டாப்பைத் திறந்ததும், நீ ஒட்டிய பச்சைப் பொட்டு என் இடது கட்டைவிரலோடு வந்துவிட்டது. எத்தனை தடவை பசை தடவித் திரும்ப ஒட்டியிருப்பேன்! நடுவில் தேய்ந்து வெளுத்து, ஓரத்தில் மட்டும் பச்சை மிச்சம் இருந்தது. டச்பேடுக்குக் கீழே இருக்கும் இரண்டு பட்டன்களில் இடது பட்டன் மேல் இப்போது வட்டமாக ஒரு தழும்புதான். தூக்கிப் போட மனசு வரவில்லை. கம்பெனி அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது மாலை ரயில், அதே பெண்கள் பெட்டி. மடியில் அதே லேப்டாப். உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மீஞ்சூரில் நாம் சேர்ந்து ஏறுவோமே, அந்தக் காலைகளில் எனக்கு இந்த லேப்டாப்பைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படாது. மாமா புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, இதைப் பழசு என்று எனக்குத் தள்ளிவிட்டார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எங்கிருந்தோ யாரோ எழுதிப் போட்டதையெல்லாம் படித்து நானாகக் கற்றுக்கொண்டவள் நான். புனைபெயரில் வலைப்பூ வேறு! பகலில் நம் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டுவேன், மனசுக்குள் நான் பெரிய கம்ப்யூட்டர் மேதை.

நீ பிரஸ் மிஷினில் எட்டு வருஷம். தகடு அடிக்கிற சத்தம் உன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. ரகசியம் என்று நினைத்துக்கொண்டு நீ சொன்னது ரயில் பெட்டி முழுக்கக் கேட்டது.

"இன்னும் ஒரு வருசம் அங்கியே நின்னா சுத்தமா கேக்காதுன்னுட்டாருடி டாக்டரு. இப்பவே எம் பொண்ணு பேசுனா, அது வாயப் பாத்துக்கினு நிக்கிறேன்."

அந்த வாரம்தான், அடித்த தகடுகளைச் சரிபார்க்கும் குவாலிட்டி பிரிவில் ஒரு இடம் காலி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கண்ணாடி அறை, மிஷின் சத்தம் வராது. பிளஸ் டூ போதும். ஆனால் அதிகாரி முன்னால், அவருடைய லேப்டாப்பில், தாளில் இருக்கும் அளவுகளைப் பிழையில்லாமல் ஏற்றிக் காட்ட வேண்டும். பத்து நாள் இருந்தது. "நான் இருக்கேன்க்கா! ஒரே வாரம்!" என்று குதித்தேன்.

முதல் நாள் நீ கேட்ட முதல் கேள்வி: "கீழ இருக்குதே பட்டனு, அது இன்னாத்துக்கு?"

"அது தெரியாதவங்களுக்குக்கா. நாம விரலாலயே தட்டிக்கலாம், அதுதான் ஸ்பீடு." இணையத்தில் படித்த திமிர்!

நீ விரலை வைத்தாய். திரையில் அம்பு ஒழுங்காகக் கட்டம் வரைக்கும் போய், திடீரென்று மூலைக்குப் பாய்ந்தது. மறுபடியும் வைத்தாய், மறுபடியும் பாய்ந்தது. பொன்னேரியில் ஏறிய பூக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கரப்பாம்பூச்சி கணக்கா ஓடுது?" என்றார். அப்புறம்தான் கவனித்தேன். உன் இடது கை விரலும் டச்பேட் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

"எடக்கைய எடுக்கா!"

எடுத்தாய். அடுத்த நிமிஷம் அது திரும்ப வந்துவிட்டது.

பிரஸ் மிஷினில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பச்சைப் பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். எந்தக் கையும் அடியில் மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி. எட்டு வருஷம் அதையே செய்த உடம்புக்கு, ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை சும்மா கிடந்தால் பதறும். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு? அந்தக் கையில் டிபன் பையைக் கொடுத்தேன். தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்தாம் நாள், பொறுமை போய், அந்தக் கை மேல் ஓர் அடி போட்டுவிட்டேன்.

நீ லேப்டாப்பை மூடி என் மடியில் வைத்தாய். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் இறங்கித்தான் சொன்னாய்.

"பழைய மிஷின்ல ஒருத்தி ஒத்தக் கையால அமுக்கினு, இன்னொரு கைய மறந்துட்டா. அவ வெரலத் தரையில தேடுனது நானு. அந்தக் கைய சும்மா இருன்னு நான் எப்பிடிடி சொல்றது?"

அன்றைக்கு முழுக்க அட்டைப்பெட்டிகளைக் கோணலாகவே ஒட்டினேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வந்தேன். நீ என்னைப் பேசவே விடவில்லை. "மூஞ்ச ஏன் தொங்கப் போட்டுக்கினு இருக்க? பொட்டியத் தொற." பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாய். பச்சையாக ஒன்றை உரித்து, இடது பட்டன் மேல் ஒட்டினாய்.

"மிஷின்ல பச்சதான. எடக்கைக்கு ஒரு வேல குடுத்துட்டா, அது ஏன் மேல வரப்போவுது?"

வலது விரல் அம்பை நகர்த்தியது. இடது கட்டைவிரல் பொட்டை அமுக்கியது. அம்பு நீ நிறுத்திய கட்டத்திலேயே நின்றது! அடுத்த கட்டத்திலும் நின்றது. தெரியாதவர்களுக்கு என்று நான் ஒதுக்கிய பட்டன், அக்கா! எத்தனை பக்கம் படித்திருந்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லையே. "இப்ப அடங்கிச்சும்மா பூச்சி" என்றார் பூக்காரம்மா.

சோதனை அன்று, காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்கு வெளியே காரணமே இல்லாமல் நடந்தேன். அதிகாரி நல்ல மனுஷர். உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மவுஸை எடுத்துச் செருகினார். நீ மவுஸைத் தொட்டதே இல்லை! நான் சொல்லித் தரவும் இல்லை!

உன் குரல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. "அது வேணாம் சார். ஒத்தக் கை வேல அது. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அப்புறம் நீ செய்ததை இன்றைக்கும் பேக்கிங்கில் சொல்லிச் சிரிக்கிறார்கள். நெற்றியில் இருந்த பச்சைப் பொட்டை எடுத்து, அவருடைய லேப்டாப்பின் இடது பட்டனில் ஒட்டினாய். அவர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நீ தாளைப் பார்த்து, கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டே போனாய். அவர் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

"பொட்ட எடுத்துடட்டா சார்?"

"இருக்கட்டும்மா. நாளையிலேருந்து நீங்கதானே இதுல வேலை செய்யப்போறீங்க."

போன காது திரும்பவில்லை. இருந்தது போகாமல் நின்றது. "எம் பொண்ணு இப்ப மொணமொணன்னு என்னத் திட்றதுகூட கேக்குதுடி" என்று பெட்டிக்கே கேட்கிற மாதிரி பெருமைப்பட்டாய். ஒன்றரை வருஷம் அந்த அறையில் இருந்தாய். அப்புறம் மழைக்காலக் காய்ச்சல் ஒன்று பத்து நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி இன்றைக்கு எழுதப் போவதில்லை.

இன்றைக்கு எழுத வேறு விஷயம் இருக்கிறது. உன் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். பிரஸ்ஸிலிருந்து நான்கு பேரைக் குவாலிட்டிக்கு எடுக்கிறார்கள், சொல்லித்தர வேண்டியது நான். மதியம் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தேன். நான்கு பேரும் இரண்டு கையையும் வைத்தார்கள், அக்கா! அம்பு தாறுமாறாக ஓடியது. அதில் சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தக் கை பேஜார் பண்ணுதுக்கா, சொன்னா கேக்க மாட்டேங்குது."

"அதத் திட்டாதடி, அதுக்கு ஒரு வேல குடு" என்றேன். உன் குரலிலேயே வந்தது. காலையில் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய பச்சைப் பொட்டு அட்டையை நீட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெரூன் இல்லியாக்கா?" என்றாள்.

ரயில் பொன்னேரி தாண்டிவிட்டது. இந்த லேப்டாப்புக்கு நான் இன்னும் புதுப் பொட்டு ஒட்டவில்லை. ஆனாலும் இவ்வளவையும் எழுதும்போது, திருத்துவதற்கு அம்பை நகர்த்தும் ஒவ்வொரு முறையும், என் இடது கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் தழும்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.