பக்கத்து வீட்டில் பொரிந்த குஞ்சுகள்

அன்பு மகள் ஃபரீஹாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நம் ஊர் தம்போயில் வாப்பாவும் நானும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் உன் உடம்பும் மனசும் அதேபோல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் வாப்பா நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவார், அதனால் எழுதுகிறேன். சந்தோஷத்தில் எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

நம் கறுப்புக் கோழி காணாமல் போனது உனக்குத் தெரியும். பெரிய கால்வாயில் திரியும் பியாவாக் தின்றிருக்கும், அந்த உடும்பிடம் சிக்கினால் இறகுகூட மிஞ்சாது என்று வாப்பா சொல்லிவிட்டார், நானும் அழுது ஓய்ந்து கூட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். போன வியாழக்கிழமை காலை பக்கத்து வீட்டுக் கமலநாதன் நம் கேட்டில் வந்து நிற்கிறார். கோழி நாற்றம் என்று அவர் கவுன்சிலில் புகார் கொடுத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை, மனைவி கஸ்தூரி தவறியபிறகு அவர் வெளியே வருவதே குறைவு. இன்றைக்கு என்ன குறையோ என்று போனால், அக்கா, சத்தம் போடாம வாங்க, ஒன்னு காட்டணும் என்கிறார். அவர் வீட்டுப் பின்பக்கம், காலிப் பூந்தொட்டிகளுக்கு நடுவே, உடைந்த துணிக்கூடைக்குள் நம் கறுப்பி உட்கார்ந்திருக்கிறாள், இறக்கைக்கு அடியிலிருந்து குட்டிக் குட்டித் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. எனக்குக் காலே தரையில் பாவவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். அடை படுத்தப்புறம்தான் பார்த்தேன், சொன்னா தூக்கிட்டுப் போயிருவீங்க, இடம் மாத்தினா முட்டைய விட்டு எந்திரிச்சிரும்லா, அதான் வாயத் தொறக்கல என்றார். அவ்வளவு நாளும் அரிசியும் தண்ணீரும் வைத்து, மேலே மழைக்குத் தார்ப்பாயும் கட்டியிருக்கிறார் மனிதர்.

இதோடு முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் பேய்மழை. கறுப்பி கூப்பிடக் கூப்பிட, கடைசியாக வந்த சின்னக் குஞ்சு வழுக்கிச் சாக்கடையில் விழுந்து தண்ணீரோடு போகிறது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துகிறேன், கமலநாதன் தேய்த்த கால்சட்டையோடு அப்படியே சாக்கடைக்குள் இறங்கிவிட்டார். அள்ளிக்கொண்டு நேராக நம் அடுப்படிக்கு ஓடிவந்தார். கழுத்து தொங்கிவிட்டது, உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது, போய்விட்டது என்றே நினைத்தேன். வாப்பா உன் பழைய ஹேர் டிரையரை எடுத்து வந்து காற்றைக் காட்டினார். கமலநாதன், அண்ணே, கிட்டப் பிடிக்காதீங்க, சுட்டுரும் என்கிறார், வாப்பா, எனக்குத் தெரியும்லா, நீங்க துண்டப் பிடிங்க என்கிறார். பேசாத இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். ரோமம் உலர்ந்து பஞ்சாகி, முதலில் ஒரு கால் உதறியது, அப்புறம் கண் திறந்தது, பிறகு கீச்சென்று ஒரு சத்தம். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். கமலநாதன் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கஸ்தூரிக்குக் கோழி வளக்கணும்னு ரொம்ப ஆசைக்கா, நான்தான் கடைசி வரைக்கும் விடல என்றார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், மகளே.

இப்போது கறுப்பி நம் பக்கம் வரமாட்டேன் என்கிறாள், எனவே குடித்தனம் அங்கேதான். வாப்பாவும் அவரும் காக்கை புகாதபடி சின்னக் கண் கம்பிவலை அடித்துவிட்டார்கள், ராத்திரியில் சூட்டுக்குப் பல்பு எரிகிறது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடச் சொன்னது நான், இல்லாவிட்டால் குஞ்சு முங்கிவிடும். நேற்று காய்கறி வேன்காரர் வேலி வழியாகப் பார்த்து, யாரு வீட்டுக் கோழி இது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கமலநாதன், நம்ம வீட்டுதுதான் என்றார். எந்த வீடு என்று வேன்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. ஊருக்கு வரும்போது கமலநாதனுக்கும் ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்கி வா, மழைக்காலத்தில் இருமுகிறார். படைத்தவன் உன்னை எந்த ஊரிலும் தனியாக விடாமல் நல்ல மனிதர்களோடு வைப்பானாக.

துஆவுடன்,
உன் உம்மா
மீரா பீவி