அம்மா வெளியே இருக்கட்டும்

இன்று பல் அச்செடுக்கும் பவுடர் டப்பாவைத் திறந்ததும் அந்தப் புதினா வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். ராஜபாளையத்தில் நாம் சேர்ந்து நடத்திய கிளினிக்கில் உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்காரவிடவில்லை. நீ வந்திறங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வரும் நேரத்தில் என் கண் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது.

பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் முன் தாய் தகப்பனை வெளியே அனுப்பிவிடுவாய். "செத்த நேரம் டீ குடிச்சிட்டு வாங்க." பிறகு எப்படிக் கடிக்கிறது என்று பார்க்க, பிள்ளை கையில் ஒரு கடலைமிட்டாய். பல் டாக்டரே மிட்டாய் கொடுத்துத் தொழில் வளர்க்கிறாள் என்று கேலி செய்வேன். கான்சாபுரத்துப் போலீஸ்காரர் மகளுக்குக் கிளிப் போட வந்தாரே, நினைவிருக்கிறதா? துணைக்கு வந்த மகனுக்கும் மிட்டாய் கொடுத்தாய். மகள் நறுக்கென்று கடித்தாள். வரிசையான பல் இருந்தும் மகன் கடித்ததும் முகம் சுளித்தான். கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. "பொம்பளப்புள்ளைக்குத்தானம்மா பல்லு முக்கியம்" என்று டீ குடித்துத் திரும்பிய அவர் விழித்தார். நீ என்னிடம் சொன்னாய்: "ஏட்டி, அழகைக் கண்ணாடி சொல்லும். கடிக்க ஏலுதா, வலிக்குதா, மனசு நோகுதான்னு புள்ளைதான் சொல்லணும்."

என் மகளின் முன்பல் இடைவெளியையும் பார்த்தாய். "கோரைப்பல் இறங்கட்டும், பொறவு பாப்போம்" என்றாய். பொறவு வந்தது, நீ இல்லை. இடைவெளி குறைந்தும் முழுதாக மூடவில்லை. வீட்டில் ஆளாளுக்கு நச்சரித்தார்கள். நானும் இன்று கிளிப்புக்கு அச்செடுத்துவிடுவதென்று அவளை உட்கார வைத்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. வெளியே போகவேண்டிய அம்மா நான்தான். போய் டீ குடித்தேன். திரும்பி வந்து கதவைத் தட்டி, டாக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு, "சொல்லும்மா, என்ன கஷ்டம்?" என்றேன்.

அவள் விளையாட்டைப் புரிந்துகொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை.

"பல்லுல ஒண்ணுமில்ல டாக்டர். நான் சிரிச்சா எங்கம்மா என் வாயத்தான் பாக்காங்க. என்னையப் பாக்கல."

அழுதுவிட்டேன். நீ இருந்தால் என்னை இன்னொரு டீக்கு அனுப்பியிருப்பாய்.

பிறகு எக்ஸ்ரே பார்த்தேன். கோரைப்பற்கள் இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஆனால் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கின்றன; இறங்கி முடிந்தால் மிச்ச இடைவெளியும் தானே மூடக்கூடும். கிளிப் இப்போது வேண்டாம். பவுடர் டப்பாவை மூடிவிட்டு மிட்டாய் டப்பாவைத் திறந்தேன். அவள் கடித்தாள், மென்றாள், கடைசியில் சிரித்தாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.