அளவு நோட்டில் ஒரு கறுப்புத் துணி

முதலில் புகையிலை வாசம்தான் வந்தது. ஒக்கிப் புயலில் கடை ஓடுகள் பறந்து, பரணில் இருந்த மூட்டைகள் எல்லாம் நனைந்துவிட்டன. திப்பிலியையும் கடுக்காயையும் முற்றத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக இறக்கிய பையை அவிழ்த்தால், மலை அட்டை கடிக்காமலிருக்க நீ எனக்குத் தைத்துத் தந்த காலுறை. பள்ளிக்கூடக் கால்சட்டைகள் தைத்து மிஞ்சிய காக்கித் துணி. முழங்கால் வரை ஏறும், மேலே இழுத்துக் கட்ட நாடா உண்டு. புகையிலைத் தண்ணீரில் முக்கி உலர்த்தினால் ஓர் அட்டையும் கிட்டே வராது என்று சொன்னாய். வந்தது. என் காலைவிட உன் காலில்தான் அதிகம் வந்தது என்பதால் நான் உன்னைச் சும்மா விட்டேன்.

அதே பையில் உன் அளவு நோட்டும் இருந்தது. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மைனி அதை என் கையில் தந்தாள். உன் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன், நீ என்னைவிட ஆறு மாதம் மூத்தவன் என்பதற்காக. "இது உங்க ரெண்டு பேருக்க சாதனம். நான் வச்சு என்ன செய்ய?" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். திறக்கவில்லை. மூன்று வருஷம் பரணில் கிடந்தது. இப்போதும் ஆசைப்பட்டுத் திறக்கவில்லை, நனைந்துவிட்டதே, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க வேண்டுமே என்றுதான் திறந்தேன்.

கோட்டாற்றில் நம் கடைகளுக்கு நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் என் நாட்டு மருந்துக் கடை, அந்தப் பக்கம் உன் தையல் கடை. உன் மிஷின் ஓடும் சத்தத்தில் நான் சுக்கு இடித்தேன், என் சுக்குப் பொடியில் நீ தும்மினாய். உன் வாடிக்கையாளர்கள் இடுப்பளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்: "மூச்ச விடும் அண்ணாச்சி. தொப்பை உம்மதுதான், ஒளிச்சு வச்சா எங்க போவும்?" நாடா பிடித்த உன் விரலை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் நாம் மலைக்குப் போகத் தொடங்கினோம். பாலமோர் எஸ்டேட்டில் எனக்குக் கிராம்பு தருகிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். கிராம்பு பார்க்கப் போகிறேன், கூட வா என்று உன்னை இழுத்துப் போனேன். அன்றைக்குப் பலா மரத்துக் கொப்பில் ஒரு மலையணில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. நீ அண்ணாந்து பார்த்தபடியே நின்றாய். "எலே, இந்த அரக்கு நெறத்துக்கு நூல் கிடைக்காம நான் எத்தன கடை ஏறி எறங்கினேன் தெரியுமா?" என்றாய். அதற்குப் பிறகு கிராம்பு ஒரு சாக்குதான்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு. நீ முதல் பூசை கண்டுவிட்டு, தேய்த்த சட்டையோடு வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவாய். காட்டுக்குத் தேய்த்த சட்டை எதற்கு என்று கேட்டால், "மிருகத்துக்கு முன்னால மரியாதையா நிக்காண்டாமா?" என்பாய். தடிக்காரன்கோணம் தாண்டியதும் ரப்பர் தோட்டம் தொடங்கும், பால் வாடை பேருந்துக்குள் வரும். கீரிப்பாறையில் டீ. அங்கிருந்து மேலே போகப்போக வெயில் குறைந்து, மரங்கள் நெருங்கி, மேஸ்திரி காட்டிய பாதையில் நம் இரண்டு பேர் காலடி மட்டும் கேட்கும். காட்டுக்குள் பேசக் கூடாது, விரல் நீட்டக் கூடாது. எதையாவது கண்டால் மற்றவன் தோளைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

உன் கண்ணுக்கு நான் கடைசிவரை ஈடாகவில்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிய கண் அது. "கறுப்புல பல கறுப்பு உண்டு மக்கா. நெழலு ஒரு கறுப்பு. நனஞ்ச மரம் ஒரு கறுப்பு. ரோமம் வேற கறுப்பு, அது கொஞ்சம் மினுங்கும்" என்பாய். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ மரத்திலிருக்கும் கருமந்தியைப் பார்த்துவிடுவாய். எனக்கு வாய்த்தது வாய் மட்டும்தான். ஒருமுறை புலியைப் பார்த்தேன் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு அந்த இடத்துக்கே கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு, "இது ஈத்த மூங்கிக் காடு. வெயிலு வரிவரியா விழுந்திருக்கு. நீ பாத்த புலிக்கு ஒடம்பெல்லாம் இலைதான்" என்றாய். அன்றைக்கு ஒரு விதியும் போட்டாய். மருந்துக் கடைக்காரன் சொல்லுக்கு இரண்டாம் சாட்சி வேண்டும். இரண்டு பேரும் பார்த்ததாகச் சொல்லிக் குறி போட்டால்தான் கணக்கு.

அதற்காகத்தான் அளவு நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்பினாய். முன்பக்கம் ஊராரின் மார்பும் கையும் கழுத்தும். பின்பக்கம் மிருகங்கள். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் அந்த ஆளின் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குத்திவைப்பாயே, மிருகங்களுக்கும் அதையே செய்தாய். மலையணிலுக்கு அரக்கும் சந்தனமும். இருவாச்சிப் பறவைக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று துண்டு. காட்டுமாட்டுக்கு அடர் காப்பி, அதன் காலுக்கு வெள்ளை. நிறம் சரியாக அமையும்வரை அந்த இடம் காலியாகக் கிடக்கும். ஓரத்தில் உன் குறி, பக்கத்தில் என் குறி. இப்படிக் கிறுக்குப் பிடித்த இரண்டு பேர் நம் தெருவில் வேறு கிடையாது.

சிங்கவால் குரங்கு மட்டும் அகப்படவில்லை. நாலு வருஷம் தேடினோம். வெடிப்பலா மரம் காய்க்கும்போது வரும் என்று மேஸ்திரி சொல்வார். அது கிழித்துப் போட்ட முள்ளுத் தோட்டைக் கீழே காண்போம், மேலே ஒன்றும் இருக்காது. "நாம டீ குடிச்ச நேரத்துல அவரு சாப்பிட்டுப் போயிட்டாரு" என்று சலித்துக்கொள்வாய்.

அந்த ஞாயிறு ஆனி மாதம். கீரிப்பாறையில் நீ முகம் கழுவப் பின்னால் போயிருந்தாய். டீக்கடைக்காரர் கிளாஸை என் முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார். "டைலர் மஸ்கட்டுக்குப் போறாராமே. இனி நீரு தனியாட்டா வருவீரு?"

எனக்குத் தெரியாது. ஒரே சுவர் நடுவே இருந்தும் எனக்குத் தெரியாது. ஆயத்த ஆடை வந்து உன் மிஷின் பாதி நாள் சும்மா இருந்தது தெரியும். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாய் என்பதும் தெரியும். ஆனால் மஸ்கட் என்ற சொல்லை டீக்கடையில்தான் கேட்டேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. பாதை ஏற ஏற எனக்குக் கோபம் ஏறியது. நான் கோபக்காரன், உனக்குத் தெரியும். எனக்கு வாய் அடைத்துவிடும், வீம்பு மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது ஓடை தாண்டி, அந்தப் பெரிய வெடிப்பலாவின் கீழே, உன் கை என் இடது தோளில் விழுந்தது. எடுக்கவில்லை, அப்படியே இருந்தது. நான் அண்ணாந்தேன்.

கொஞ்ச நேரம்தான். பிறகு கொப்பு ஆடியது, இலை விழுந்தது, அது போய்விட்டது.

"பாத்தியா மக்கா?" என்று காதோரம் கேட்டாய்.

"இல்ல."

"நேரே மேலயாக்கும். அந்தப் பிளந்த கொப்புல."

"கண்ணாடியில ஆவி பிடிச்சிட்டு. ஒண்ணும் தெரியல்ல."

நீ என் முகத்தையே பார்த்தாய். அதற்குப் பிறகு என் கண்ணாடியைக் கழற்றி, உன் கைக்குட்டையால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாய். "செரி. உனக்கு இத காட்டித் தராம விடமாட்டேன்" என்றாய்.

திரும்பும் பேருந்தில் நீயாகவே சொன்னாய். "விசா வந்திருக்கு. வெள்ளிக்கிழமைதான் உறுதியாச்சு. ஏஜென்ட் அந்த டீக்கடக்காரருக்கு மச்சினன், அதுக்குள்ள சேதி அவருக்குப் போயிட்டு போல. மேல வச்சு உனக்கு சொல்லணும்னு நெனச்சேன். இதுக்கெடையில அது வந்துட்டு." அப்போதே நான் சொல்லியிருக்கலாம். பார்த்தேன், வீம்புக்கு இல்லை என்றேன் என்று ஒரு வரி. வடசேரியில் இறங்கும்போது, "காலுறைய நல்லா உலத்திப் போடு" என்று மட்டும் சொன்னேன்.

நீ போய்விட்டாய். உன் கடை செல்போன் கடையாக மாறியது. முதல் லீவில் வந்தபோது பைக்குள்ளிருந்து ஒரு பைனாகுலரை எடுத்தாய். "ஒனக்க கண்ணாடிக்கு மேலயும் இது வேலை செய்யும். வா, ஞாயிறு போவோம்." முப்பது நாள் லீவில் நாலு ஞாயிறு உண்டு. மகளின் கல்யாண வேலைக்கு நடுவிலும் நாலையும் எனக்குத் தந்தாய். மைனி கோபித்தபோது, "அவன் இன்னும் அத பாக்கல்லடி" என்றாய். நான் உன் அந்தப் பிடிவாதத்தை ருசித்தேன் என்று சொன்னால் என்னைப் பற்றிக் கேவலமாக நினைப்பாயோ என்னவோ. முதலில் கோபத்துக்குச் சொன்ன பொய். பிறகு அதுவே எனக்கு வசதியாகிவிட்டது. நான் பார்த்தேன் என்று சொன்ன அன்று நீ வருவது நின்றுபோகும் என்று பயந்தேன். மூன்று லீவு அப்படிப் போனது. இருவாச்சி வந்தது, காட்டுமாடு வந்தது, ஒருமுறை யானை வந்து நாம் இரண்டு பேரும் உன் தேய்த்த சட்டையோடு ஓடைக்குள் உருண்டோம். சிங்கவால் மட்டும் வரவில்லை.

நாலாவது லீவுக்கு நீ பெட்டிக்குள் வந்தாய். தையல் மிஷின் முன்னாலேயே நெஞ்சு வலி என்று சொன்னார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். யாரோ தைத்த சட்டையை உன் உடம்பில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தது. இவன் பார்த்தால் சிரிப்பானே என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்து, மாலையில் கடை திறந்து, ஒரு அம்மாளுக்கு ஓமம் நிறுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். மரத்துப்போன கால் மாதிரி, ஊன்றினால் நிற்கிறது, ஆனால் தரை தெரியவில்லை. மலைப் பக்கம் போகவில்லை.

இன்று பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். துணித் துண்டுகள் சாயம் இறங்கியிருந்தன. இருவாச்சியின் மஞ்சள் காட்டுமாட்டின் மேல் படிந்திருந்தது. எல்லா வரியிலும் உன் குறி, என் குறி. நீ எனக்குக் காட்டாமல் வைத்திருந்த கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு கறுப்புத் துண்டு, மினுங்குகிற கறுப்பு. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றை, பிடரி மயிருக்காக, கையாலேயே தைத்திருந்தாய். அந்த ஆனி ஞாயிறின் தேதி. உன் குறி. பக்கத்தில் என் இடம் காலி. கீழே பென்சிலில், உன் சாய்ந்த எழுத்தில்:

"அவனும் பாத்தாச்சு. சொல்லும்போது குறி போடணும்."

எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. உன் கை என் தோளில் இருந்தது. இடுப்பளவு கொடுப்பவன் மூச்சை இழுத்தால் கண்டுபிடிக்கிற விரல். அந்தக் கொப்பின் கீழே நான் மூச்சடக்கி நின்றதை அது அப்போதே கண்டுபிடித்துவிட்டது. பிறகும் நீ கண்ணாடியைத் துடைத்துத் தந்தாய். மஸ்கட்டிலிருந்து பைனாகுலர் கொண்டுவந்தாய். நாலு ஞாயிறையும் தந்தாய். மைனியிடம் எனக்காகப் பொய் சொன்னாய். உனக்கும் அந்தச் சாக்கு வேண்டியிருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். அழுகை வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன், வரவில்லை.

அதனால் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தேன் மக்கா. ஆண் குரங்கு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி. வால் நுனியில் குஞ்சம். இடது கையில் கிழித்த வெடிப்பலா இருந்தது. தின்பதை நிறுத்திவிட்டு நம்மைத்தான் பார்த்தது, முதலில் உன்னை, பிறகு என்னை. நீ தைத்திருக்கிற சாம்பல் நிறம் மிகச் சரி.

பக்கம் காயும்வரை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உன் குறிக்குப் பக்கத்தில் என் குறியைப் போட்டேன். நோட்டு இனி பரணுக்குப் போகாது, கடையில் என் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். இனி அதை எனக்குக் காட்டித் தர நீ வர வேண்டியதில்லை.